ஆரஞ்சு மூடி டப்பா

இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பை, ஒரு குடம் கண்ணீர். இவ்வளவையும் சுமந்துகொண்டு வாயாடி அந்தப் பழைய வீட்டின் வாசலில் வந்து இறங்கினாள். மேல்படிப்புக்காகக் கடல் தாண்டி வந்தவள். பிறந்த அன்று அவள் போட்ட சத்தத்தில் வார்டில் இருந்த மற்ற பதினொரு குழந்தைகளும் வாயை மூடிக்கொண்டனவாம். அன்றே வீட்டில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மூன்று மாடி. படிக்கட்டெல்லாம் ஈரக் கம்பளி வாடை. அமைதி என்றால் அப்படியோர் அமைதி. சுவரில் எறும்பு ஊர்ந்தால் அதன் காலடியை எண்ணலாம். வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் கொடுத்தாள், கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த விதிகளை விரலால் காட்டினாள், போய்விட்டாள். எட்டு விதிகள் அச்சில் இருந்தன. ஒன்பதாவதை மட்டும் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்.

'கதவு தட்டப்பட்டால் பதில் சொல்ல வேண்டாம்.'

வாயாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டில் காலையில் திறந்த கதவு படுக்கப் போகும்போதுதான் சாத்தப்படும். இங்கேயோ, மாடியில் இருக்கும் மருத்துவ மாணவிக்கு ஒரு சிட்டிகை உப்பு வேண்டுமென்றால் மூன்று நாள் முன்னதாக ஆங்கிலத்தில் செய்தி அனுப்புகிறாள்: 'வியாழன் ஐந்தேகாலுக்கு வரலாமா?' நீண்ட கழுத்தும் குச்சிக் காலுமாக இருந்த அவளுக்கு வாயாடி மனதுக்குள் வைத்த பெயர் கொக்கு.

வெளிநாட்டு மாணவர்களுக்கான வகுப்பில் ஆசிரியை அடித்துச் சொல்லியிருந்தாள்: "எதைப் பார்த்தும் மிரளாதீங்க. விநோதமா தெரிஞ்சா, இந்த ஊர் வழக்கம்னு எடுத்துக்கோங்க. மூணே மாசத்துல பழகிடும்."

நாலாவது வாரம் அக்கா போனில் கேட்டாள்: "என்னடி, குரல் கம்முது?"

"வாயைத் திறந்து நாலு நாளாச்சுக்கா. பஸ் டிரைவருக்குத் தேங்க்ஸ் சொன்னதுதான் கடைசி."

"உன்னையே வாயடைச்ச ஊரா? அந்த ஊர் இருக்கற திசையைப் பார்த்துப் பெரிய கும்பிடா போடறேன்!"

மறுநாள் மாலை நாலு மணி. அந்த ஊரில் அந்த நேரத்துக்கே சூரியன் கடையைக் கட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே மை கொட்டியது போல இருட்டு. பனி விழுவதுகூடக் காதில் விழவில்லை. வாயாடி ஓட்டல் வைத்தவள் போல ஒரு பானை நிறையச் சமைத்துவிட்டு, சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

டொக். டொக். டொக்.

கதவின் கீழ்ப்பாதியில், முழங்கால் உயரத்தில்.

ஒன்பதாவது விதி நினைவுக்கு வருவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. "வாங்க வாங்க, கதவு திறந்துதான் இருக்கு!"

பூட்டியிருந்த கதவு திறந்தது.

உயரமான ஒரு பெண். நனைந்த மேலங்கி, மூக்குவரை சுற்றிய சால்வை. வெறுங்கால். இந்த ஊர் வழக்கம் போலிருக்கு, என்று வாயாடி நினைத்துக்கொண்டாள். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் யாரோ ஓர் அம்மாவாக இருக்கும். "உட்காருங்க, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தட்டில் சூடாகப் பரிமாறினாள். நான்கு வாரமாகத் தேக்கி வைத்திருந்த பேச்சு அணை உடைந்து கொட்டியது. படிப்பு, பஸ், அக்கா, உப்பு கேட்ட கொக்கு, ஒன்றையும் விடவில்லை.

வந்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இமைக்காமல் கேட்டாள். அதுவும் வழக்கம்தான் போல.

கிணற்றடிப் பாசி வாடை அறையில் மெல்லப் பரவியது. தட்டில் ஆவி பறந்த சாப்பாட்டின்மேல் வெள்ளையாக உறைபனி படிந்தது. வாயாடி பேசப் பேச அவள் வாயிலிருந்து புகை புகையாக ஆவி வந்தது.

எதிரில் இருந்தவளிடமிருந்து வரவே இல்லை.

கைப்பேசி அதிர்ந்தது. கொக்கு.

'பேச்சு சத்தம் கேக்குதே. யாரு?'

'கீழ்வீட்டு அம்மா.'

'கீழ யாருமே இல்ல. தட்டினாளா? உள்ள கூப்பிட்டியா?'

'ஆமா.'

'உட்காரச் சொன்னியா?'

'சொன்னேன்.'

'சாப்பிடக் குடுத்தியா?'

'குடுத்தேன்.'

 பிறகு மளமளவென்று வந்தது. 'அவளை வெளிய அனுப்பு. நீயா ஓடாதே, கூடவே வருவா. உனக்கு முன்னாடி அந்த ரூம்ல இருந்தவ அனுப்பல. விடிஞ்சு பார்த்தா ரெண்டு நாற்காலியும் காலி.'

வாயாடியின் முதுகில் ஐஸ் கட்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. போ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, இலையில் கை வைத்தவரை எழுந்து போ என்று அவள் வம்சத்திலேயே யாரும் சொன்னதில்லை. 

நாற்காலி இவள் பக்கமாக ஓர் அங்குலம் நகர்ந்தது.

இன்னோர் அங்குலம்.

அம்மாவின் யுக்தி நினைவுக்கு வந்தது. நகராத விருந்தாளிக்கு ஒரு டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்து, வாசல்வரை பேசிக்கொண்டே நடந்துவிடுவாள் அம்மா. மீறி உட்கார்ந்தவர் கிடையாது. வாயாடி எழுந்தாள். ஊரிலிருந்து வந்த ஆரஞ்சு மூடி டப்பாவில் அள்ளி நிரப்பி நீட்டினாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

வந்தவள் எழுந்தாள். வாங்கும்போது பட்ட விரல், ஆற்றுக் கல்லாய்ச் சில்லிட்டது. ஈரக் கால்கள் சளக் சளக்கென்று வாசலுக்குப் போயின. அங்கே நின்று, திரும்பாமலே கிசுகிசுத்தாள்:

"டப்பாவை எப்போ கொண்டு வரட்டும்?"

"அவசரமே இல்லங்க. மெதுவா கொண்டு வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வாயாடிக்கு உறைத்தது: அவள் கேட்டது பச்சைத் தமிழில். அந்த ஊரில் தமிழ் தெரிந்த ஈ காக்கை கிடையாது.

கொக்கு முதன்முறையாகச் செய்தி அனுப்பாமலே படியிறங்கி ஓடிவந்தாள்.

"போயிட்டாளா?"

"போயிட்டாங்க."

"அப்பாடா. திரும்பி வர்றதுக்குச் சாக்கா எதையும் குடுத்து அனுப்பலையே?"

உலகத்துக்கே பேசித் தீர்த்த வாயாடி, அலமாரியில் ஆரஞ்சு மூடி டப்பா இருந்த காலி இடத்தைப் பார்த்தாள்.

மறுநாளே ஊரின் மறுகோடிக்கு வீடு மாறினாள். ஒன்பதாவது மாடி, புதுக் கட்டடம், கேமரா வைத்த வாசல், இரண்டு பூட்டு. மூன்றாவது மாதம் ஆசிரியை சொன்னது போலவே பழகிவிட்டது. யார் மணி அடித்தாலும் மூச்சு விடவில்லை. "வாங்க" என்ற சொல்லையே மறந்தாள். அக்காவிடம்கூட, "போன் பண்றதுக்கு முன்னாடி மெசேஜ் போடுக்கா" என்றாள்.

"ஓஹோ! அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா மேடம்?" என்று அக்கா சிரியோ சிரி என்று சிரித்தாள்.

அன்று மாலை நாலு மணிக்கு வகுப்பு முடிந்து மாடி ஏறினாள். நடைபாதை விளக்கு ஒன்று மினுக்கியது. அவள் கதவின் முன் கால்மிதியில் ஒரு டப்பா.

ஆரஞ்சு மூடி. பளிச்சென்று கழுவித் துடைத்திருந்தது.

கடன் வாங்கிய டப்பாவை வெறுமனே திருப்பித் தருவது மரியாதை இல்லை என்பாள் அம்மா. வாயாடி குனிந்து தூக்கினாள்.

கனத்தது.

உள்ளே ஏதோ மெல்லப் புரண்டது. கையை வெடுக்கென்று இழுத்தாள். டப்பா நழுவி, கதவின் கீழ்ப்பாதியில் மோதி எகிறி, மறுபடி மோதி, மறுபடியும் மோதியது.

டொக். டொக். டொக்.

இரண்டு பூட்டும் பூட்டியபடிதான் இருந்தன. இரண்டின் சாவிகளும் அவள் கையில்தான் இருந்தன.

உள்ளேயிருந்து குரல் வந்தது. அவளுடைய சொந்தக் குரல், கலகலவென்று:

"வாங்க வாங்க, கதவு திறந்துதான் இருக்கு!"