ஈர்ப்பு குறையும் தரை

1961, ஜூன். புவியீர்ப்பை அளக்கும் ஈர்ப்புமானி, காலையில் 41.36 காட்டியது, மாலை நான்கு மணிக்கு அதே அறையில், தரையில் பதித்த அதே பித்தளை முளையின் மேல், 41.24 காட்டியது.

அளவையாளன் பரமசிவம் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிராங்கூன் சாலையின் பின்புறம், அளவை அலுவலகம் வாடகைக்கு எடுத்திருந்த அந்தச் சரக்குக் கிட்டங்கியில் பக்கத்து மசாலா அரவையின் காரமும் வாடிய மல்லிகையின் நெடியும் அவற்றுக்கடியில் புதிதாகத் தோண்டிய மண்ணின் ஈரவாடையும் கலந்திருந்தன. அங்கே எவரும் எதையும் தோண்டவில்லை.

அன்றாட அளவீடு இங்கே தொடங்கி இங்கேயே முடியும். முடிவில் எண் குறைந்தால், கருவியின் சுருள்வில் தளர்ந்ததென்று கொண்டு, அக்குறையை அன்று அளந்த இடங்கள் அனைத்துக்கும் பகிர்ந்து மறைத்துவிட வேண்டும். அது மேலதிகாரி அலெக்சாண்டரின் ஆணை. மூன்று வாரமாகப் பரமசிவம் தன் கையாலேயே மறைத்திருந்தான். வெப்பம் தாக்காதிருக்கக் கருவிக்கு இலவம்பஞ்சு உறை தைத்தான். குலுங்காதிருக்க மடியில் சுமந்தான். கடலோரக் காத்தோங்கில் வைத்துப் பார்த்தபோது காலையும் மாலையும் ஒரே எண். இங்கே மட்டும் குறைந்தது. கீழே மண் குறைந்தாலொழிய ஈர்ப்பு இப்படிக் குறையாது.

“இன்னைக்கும் தப்பா?” அலெக்சாண்டர் உள்ளே வந்தார். “தரை நகராது லா. உன் கைதான் ஆடுது. திங்கக்கெழமை வேற ஆள் வருவான். நீ ஜோகூர் போயி கித்தா தோட்டத்துல ரப்பர் மரம் சீவு.”

பரமசிவம் கருவியைவிட்டு எழுந்தான். “என் கைதான்னா, நீங்களே பாருங்க சார்.”

“பாக்குறேன். சொல்றத எழுது. அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்.”

அவர் மண்டியிட்டார். பரமசிவம் வாசலை அடைத்து நின்று, முதுகைக் காட்டி, சினத்தில் பென்சில் முனை தாளைக் கிழிக்க எழுதினான்.

“நாப்பத்தொண்ணு, இருபத்தொண்ணு.”

“பதினாலு.”

“சீ, என்னய்யா இது. எட்டு.”

பக்கத்து அரவையின் ஓசை நின்றது. ஈரவாடை தடித்தது.

“ஒண்ணு முழுசாப் போச்சு. நாப்பது.”

குரல் தாழ்ந்திருந்தது. அச்சம் என்று எண்ணி அவன் மகிழ்ந்தான். எழுதினான்.

“முப்பத்திரெண்டு.”

மெல்ல. தொலைவில்.

“பத்தொம்போது.”

திரும்பினான்.

கருவி வைத்த இடத்திலேயே இருந்தது. ரசமட்டத்தின் குமிழி நடுவில். சிமெந்தில் ஒரு கீறலும் இல்லை. முளையருகே அலெக்சாண்டரின் சப்பாத்து மட்டும், நாடா அவிழாமல்.

தரைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. பொறுமையாக. அலுவலகத் தொனி மாறாமல்.

“ஏழு. எழுதிட்டியா?”

எழுதினான்.

குமிழி அசைந்தது. மெல்ல, மிக மெல்ல, அவனைவிட்டு விலகியது. அவன் நின்ற பக்கம் தரை தாழ்ந்துகொண்டிருந்தது.