காத்து கசியுற இடம்

டிஷ்யூ துண்டு இரண்டு பக்கமும் ஆடியது பாண்டித்துரைக்குப் பிடிக்கவில்லை. ஏசி காற்று கசிகிற இடத்தில் பிடித்தால் காகிதம் ஒரே பக்கமாகத்தான் சாயும்; கத்தார் வந்த ஆறு வருஷத்தில் வேறு மாதிரி பார்த்ததில்லை. இங்கே, கரையோரம் கட்டியிருந்த பாய்மரப் படகின் சின்னக் கேபினுக்குள், படுக்கைக்கு அடியிலிருந்த காலிப் பெட்டியின் மூடியோரம், அது உள்ளே போய், கொஞ்சம் நின்று, வெளியே வந்தது.

"கடல் ஆட்டுதுடா" என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

வெளியே ஆகஸ்ட் மதியம், நாற்பத்தாறு டிகிரி. ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டியாயிற்று, கதவு விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை, குழாய்க்கு உறை. இருந்தும் மீட்டர் முப்பதை விட்டு இறங்கித் தொலையவில்லை. இருபத்துநாலு காட்டினால்தான் விசா கொடுத்த முதலாளியான கஃபீல் லீவு பேப்பரில் கையெழுத்துப் போடுவார். சனிக்கிழமை ஃப்ளைட். மனைவி ராதிகாவையும், போனில் மட்டுமே பார்த்த மகளையும் நேரில் பார்க்கலாம்.

மேல்தளத்திலிருந்து கூட்டாளி கௌஸ் முகம்மது குனிந்தார்.

"கதவைச் சாத்துறேன் மாப்ள. இருபத்துநாலு வந்ததும் ஏறி வந்து கலாஸ்னு சொல்லு, ஏசிய நிறுத்திப் பூட்டிட்டுக் கிளம்பிருவோம்."

"சரி பாய்."

எப்போதும் அவர்கள் வழக்கம் அப்படித்தான். கலாஸ், அதாவது முடிந்தது, என்று காதில் விழுந்தால் போதும், பாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் பூட்டுவார்.

பெட்டியைத் திறந்தான். ஒன்றுமில்லை, ஈரத்துணி நாற்றம் மட்டும். முழங்கை வரை கையை விட்டு இடுக்கைத் தடவினான். உள்ளங்கையில் குளிர்ந்த மூச்சு பட்டது. ஒரு நொடி கண் இருட்டியது. சட்டென்று மூடி, சுற்றிலும் டேப் ஒட்டினான்.

டிஷ்யூ நின்றது.

இருபத்தெட்டு. இருபத்தாறு. இருபத்துநாலு. சிரிப்பு வந்தது அவனுக்கு. மேலே ஏற எழுந்தான்.

"கலாஸ் பாய்."

மேல்தளத்திலிருந்து வந்தது. அவனுடைய குரல். அதே கமுதிப் பேச்சு, அதே கரகரப்பு.

பூட்டு விழுந்தது. ஏசி நின்றது.

"இந்தா உன் சட்டை. போன் அதுலதான் கெடக்கு" என்றார் பாய்.

"குடுங்க. ராதிகாட்ட பேசணும். சனிக்கிழமை வர்றேன்னு சொல்லணும்" என்றது அவன் குரல்.

கரைக்குப் போகும் பலகைப் பாதையில் காலடிச் சத்தம். இரண்டு பேர்.

கத்தினான். கதவைக் குத்தினான். ஊசி நுழைய இடுக்கில்லாமல் ரப்பர் ஒட்டியவன் அவன்தான். காலடி நிற்கவில்லை. தேய்ந்தது. போயிற்று.

டார்ச்சை அடித்தான். பெட்டியில் டேப் அப்படியே இருந்தது. கிழியவில்லை.

முப்பது. முப்பத்தைந்து. நாற்பது.

அவனுக்கு வேர்க்கவில்லை.

டிஷ்யூவைப் பிய்த்து மூக்குக்கு நேரே பிடித்தான்.

இழுத்தான். விட்டான்.

மறுபடி இழுத்தான். பலமாக மூச்சு விட்டான்.

காகிதம் நேராகத் தொங்கியது.