ஓட்டு மேல் எறிந்த பல்

அம்சவல்லி முறுக்கைக் கடித்தாள். கடக் என்றது. அடுத்த நொடி, தலைக்கு மேலே ஓட்டிலும் கடக் என்றது.

பூனைதான் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. புருஷன் கோதண்டராமன் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான். வடக்குப்பட்டில் உச்சி வெயில். ஒரு இலை அசையவில்லை. எங்கிருந்தோ செத்த எலி நாற்றம் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

அவளா அடங்குகிறவள்? கன்னத்தில் புற்று என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் கீழ்வரிசைப் பல்லை எல்லாம் பிடுங்கினபோதே, நர்ஸோடு மல்லுக்கு நின்று பொட்டலம் கட்டி வாங்கி வந்தாள். சின்னப் பிள்ளைகள் விழுந்த பல்லை எறிவார்களே, அதேபோல் சாணி உருண்டைக்குள் அழுத்தி ஓட்டு மேல் வீசினாள்.

"அது பால் பல்லுக்குத்தான்மே!" என்று சிரித்தான் கோதண்டராமன்.

"எனக்கும் மொளைக்கும். பாத்துக்கினே இரு."

பிறகு புற்றைக் கருக்கத் தாடைக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்தார்கள். எலும்பு உள்ளுக்குள் வெந்து கிடக்கிறது, அதில் கை வைத்தால் செத்தே போவாய், கஞ்சி குடித்துக்கொண்டு சும்மா இரு என்றார் டாக்டர். வாய்க்கரிசி மாதிரி கஞ்சியை ஊற்றிக்கொண்டு கிடப்பதும் ஒரு பிழைப்பா? போய்யா! நேரே தாம்பரத்துப் பல் டாக்டரிடம் போனாள். கழுத்தில் என்ன கருகல் என்று கேட்டார் அவர். எண்ணெய் தெறித்தது என்று துணிந்து புளுகினாள். எலும்பில் திருகாணி முடுக்கிப் பல் கட்டிவிட்டார்.

இப்போது அந்தப் பல்லால்தான் முறுக்குத் தின்றாள். மென்றாள். மேலேயும் மென்றது.

நிறுத்தினாள்.

மேலே நிற்கவில்லை. ஈரமாய், நிதானமாய், ருசித்து அரைக்கிற சத்தம். தட்டில் ஓட்டுத்தூள் உதிர்ந்தது. நாற்றம் ஏறியது. எலி இல்லை. தன் வாய்தான்.

விரலால் பல்லைத் தொட்டாள். கையோடு வந்துவிட்டது. திருகாணியோடு. திருகாணியைச் சுற்றி ஒரு துண்டு எலும்போடு.

வலிக்கவே இல்லை.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பட்டினி, எவனோ என் தலைமேல் உட்கார்ந்து தின்கிறானா? ஏணியைச் சாத்தி ஏறினாள்.

சாணி உருண்டை காயவில்லை. பிளந்திருந்தது. உள்ளே ரோஜா நிறத்தில் ஈறு. வெற்றிலைக் கறையோடு, புளியங்கொட்டை கடித்து மூளியான கடைவாய்ப் பல்லோடு, அவளுடைய கீழ்வரிசை. முழுசாக.

மேல்வரிசையும்.

அதை அவள் எறியவே இல்லை.

தானாகக் கை வாய்க்குப் போனது. மேல் ஈறு வழவழவென்று இருந்தது. ஒரு பல் கூட இல்லை.

"இன்னா மொறைக்கிற? என்னுதுதானே நீ! குடு!" குழறிக்கொண்டே இரண்டு கையாலும் அதை அள்ளித் தூக்கினாள். சூடாக இருந்தது. மூச்சு விட்டது.

மாட்டிக்கொள்ள வாயைத் திறந்தாள்.

அதுவும் திறந்தது. அவளுடையதைவிடப் பெரிதாக.