ஞாயிற்றுக்கிழமைக் கடல்

வியாழக்கிழமை காலை 10.05. நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு கல்லூரி, இரண்டாம் மாடி, கணினி ஆய்வகம். இருந்தவர்கள் நான்கு பேர்.

செல்வதாஸ், துறைத் தலைவர்.
சஜிதா, தற்காலிக விரிவுரையாளர். செயற்கை நுண்ணறிவு சொல்வதைச் சரிபார்க்காமல் நம்பக்கூடாது என்று பதினாறு வாரமாகப் பாடம் எடுப்பவள்.
ரெனிஷ், மூன்றாம் ஆண்டு மாணவன், ஊர் கடலோரத்து முட்டம்.
ஞானையன், ஆய்வக உதவியாளர், இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

மேசைமேல் ரெனிஷின் தேர்வுக் கட்டு கிடந்தது. நேற்று மாலை எழுதிய தேர்வு. தன் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று மாணவன் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கேட்க வேண்டும். அதன் பதில் முதல் பகுதி. அது விட்ட தப்புகளைக் காட்டி உண்மையைத் தானே எழுத வேண்டும். அது இரண்டாம் பகுதி. தாள்களை அச்செடுத்து, மூலையில் துளையிட்டு, வெள்ளை நூலால் கட்டி, மேல்தாளில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் கணினிகளிலிருந்து எல்லாம் அழிக்கப்படும். காகிதம்தான் ஒரே பிரதி.

செல்வதாஸ் காலை எட்டரைக்கே வந்து, கட்டுகளை அவிழ்க்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டி மொபைலில் படமெடுத்து, தன் சோதனை மென்பொருளில் போட்டுப் பார்த்திருந்தார். ஒவ்வொரு தேர்விலும் அவர் செய்வதுதான். ரெனிஷின் இரண்டாம் பகுதி தொண்ணூற்றெட்டு சதவீதம் இயந்திரம் எழுதியது என்று வந்தது. பன்னிரண்டு மணிக்கு அவனை நீக்கும் உத்தரவில் முதல்வர் கையெழுத்துப் போடுவார்.

அந்த மென்பொருளும் குத்துமதிப்பாகத்தான் சொல்லும் என்றாள் சஜிதா. வாசித்துவிட்டுப் பேசும்படி சொன்னார் செல்வதாஸ். அவள் நூலின் நுனியை இழுத்தாள். கட்டு அவிழ்ந்தது. தாள்களைப் பரப்பி இரண்டாம் பகுதியை வாசித்தாள்.

ஆறாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. மென்பொருள் சொன்னது சரி. ‘ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் என் தந்தை உற்சாகத்துடன் கடலுக்குப் புறப்படுவார்.’

 நீக்கினால் அடுத்த மாதம் ரெனிஷ் கத்தாரில் ஏதாவது ஒரு படகில் நிற்பான். அவன் அண்ணன் அப்படிப் போனவன்தான்; போய் இரண்டு வருடம், ஒரு போன்கூட இல்லை.

“முட்டத்துல ஞாயித்துக்கிழம வள்ளம் எறங்காது டீச்சர்,” என்றான். “அப்பா சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு வந்து ஒறங்குவாரு. அதத்தான் நான் எழுதினேன். இது எனக்க எழுத்து இல்ல.”

வாசிக்காமலே காப்பியடித்திருப்பான் என்று செல்வதாஸ் சொன்னார்.

10.30. கட்டுகள் இரவு இருந்தது ஆய்வகத்து இரும்பு அலமாரியில். சாவி இரண்டு பேரிடம் மட்டும்: செல்வதாஸ், ஞானையன். செல்வதாஸுக்கு இந்தப் பாடமே பிடிக்காது, இதை மூடக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது கேன்டீன்காரனுக்கும் தெரியும். இன்னொரு விஷயமும் இருந்தது. திருவனந்தபுரத்து நிறுவனம் ஒன்று இந்த வகுப்பிலிருந்து ஒரே ஒருவரைப் பயிற்சிக்கு எடுக்கும். மதிப்பெண் வரிசையில் முதல் ரெனிஷ், இரண்டாவது அஜிஷா. அஜிஷா ஞானையனின் மகள்.

11.05. தாள்களைத் திரும்ப அடுக்கி நூலைக் கையில் எடுத்தபோதுதான் சஜிதாவுக்கு உறைத்தது. இந்தப் பருவத்தில் ரெனிஷின் கட்டை இரண்டு தடவை அவள் பிளேடால் அறுத்திருக்கிறாள். முதல் தடவை கையால் அவிழ்க்கப் பார்த்து நகம் உடைந்தது. இன்றைக்கு இழுத்த இழுப்பில் அவிழ்ந்துவிட்டது.

மூன்று பேருக்கும் ஆளுக்கு நான்கு தாளும் ஒரு துண்டு நூலும் கொடுத்தாள். கட்டித் தரச் சொன்னாள்.

“இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?” என்றார் செல்வதாஸ். ஆனாலும் கட்டினார். ஷூவுக்குப் போடுகிற மாதிரி இரண்டு காது வைத்த முடிச்சு. ரெனிஷ் வலைக்காரன் வீட்டுப் பையன். விரலில் நூலைச் சுற்றி இறுக்கினான், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு முடிச்சு. இழுத்தாள். அசையவில்லை.

ஞானையனின் விரல்கள் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக விடைத்தாள் கட்டிய விரல்கள். இரண்டு சுற்று, ஒரு வளையம், ஒரு நுனி வெளியே. கட்டி முடித்த பிறகுதான் அவர் தன் கையைப் பார்த்தார்.

சஜிதா நுனியை இழுத்தாள். கட்டு அவிழ்ந்தது.

“இவன் கட்டினத அறுத்துத்தான் எடுக்க முடியும். நேத்து ராத்திரியோ இன்னைக்குக் காலையிலயோ அறுத்து, கையெழுத்துப் போட்ட மேல்தாளை விட்டுட்டு மத்த தாளை மாத்தி, வேற நூல்ல கட்டியிருக்காங்க. சார் கட்டியிருந்தா காது இருந்திருக்கும். கட்டினது நீங்க, அண்ணாச்சி.”

மேலே மின்விசிறி கிரீச்சிட்டது. ஞானையன் கடைசி அலமாரியைத் திறந்து, பழைய செய்முறை நோட்டுகளுக்கு அடியிலிருந்து மூன்று தாள்களை எடுத்து வந்து வைத்தார். மூலையில் அறுபட்ட நூல் இன்னும் தொங்கியது.

“மகளுக்குத் தெரியாது டீச்சர்,” என்றார்.

“பதினாறு வாரம் பின் பெஞ்சுல இருந்து நீங்களும் கேட்டீங்க. அது எழுதித் தாறத வாசிச்சுப் பாக்காம எடுக்காதீங்கன்னு தொண்ட கிழியச் சொன்னேன். ஞாயித்துக்கிழம அப்பா கடலுக்குப் போறாருன்னு எழுதியிருக்கு. இந்த ஜில்லாவுல பொறந்த உங்களுக்குத் தெரியாதா?”

“கண்ணாடி கொண்டு வரல்ல. மொத வரியில முட்டம்னு இருந்துது. போதும்னு நெனச்சிட்டேன்.”

ரெனிஷ் தன் தாள்களை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்துப் பார்த்தான். ஞானையனை அவன் பார்க்கவில்லை.

11.50. செல்வதாஸ் ரெனிஷை நீக்கும் உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு காகிதம் எடுத்து ஞானையன்மீது முதல்வருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். தலை நிமிராமலே சாவியைக் கேட்டார். ஞானையன் இடுப்பிலிருந்து கொத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அஜிஷாவின் பெயரை மட்டும் அதில் எழுத வேண்டாம் என்று கேட்டார். காரணம் எழுதாமல் கடிதம் எழுத முடியாது என்று பதில் வந்தது.

பன்னிரண்டு மணி வகுப்புக்குப் பிள்ளைகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அஜிஷாவும் அதில் வருவாள். ஞானையனுக்கும் கேட்டிருக்கும், வாசலில் ஒரு நிமிடம் நின்றார், உள்ளேயே இருந்துகொள்ளலாமா என்பது போல.

“போங்க அண்ணாச்சி,” என்றாள் சஜிதா.

அவர் வெளியே போனதும், கடிதம் முடியும்வரை பிள்ளைகள் யாரும் உள்ளே வராதபடி கதவைச் சாத்திவிட்டு மேசையிலிருந்த கொத்தை எடுத்தாள். கதவுக்கு எந்தச் சாவி என்று அவளுக்குத் தெரியாது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நான்காவது சாவி திரும்பியது.