பொட்டு வைத்த செடான்

காலையில் பல் துலக்கிய கையோடு செங்கோட்டுவேல் கார் ஷெட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொள்வார். காரின் நெற்றியிலிருந்து நேற்றைய சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாகக் குழைத்ததை உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார். அதுவரை கார் தன் கேமராக் கண்களை மூடிக்கொண்டு நிற்கும். பிறகு தினமும் கேட்கிற கேள்வியை அதே மரியாதையோடு கேட்கும்: "ஐயா, மீளழைப்பைப் பற்றி இன்றாவது பேசலாமா?"

நாளைக்குப் பேசலாம் என்று மெல்லச் சொல்வார். தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாதே!

நாமக்கல்லில் அப்போது எல்லாக் கார்களும் தன்னோட்டிகள்தான். ஸ்டியரிங் என்ற வட்டத்தைக் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு, இதைப் பிடித்துக்கொண்டு தாத்தாக்கள் என்ன செய்தார்கள் என்று சிரித்தார்கள். தானே ஓடுகிற வண்டிக்குத் தன் உடம்பில் என்ன கோளாறு என்பதும் தெரியும். ஏதாவது ஒரு பாகம் ஆபத்தானது என்று தெரியவந்தால், தயாரித்த கம்பெனி அந்த வகைக் கார்கள் எல்லாவற்றையும் வானலையில் கூப்பிடும். அதற்குத்தான் மீளழைப்பு என்று பெயர். கூப்பிட்ட நொடியிலேயே காரின் நெற்றிவிளக்கு மஞ்சளாக மின்னத் தொடங்கிவிடும். சொந்தக்காரர் 'போ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார் தானே சேலத்துப் பணிமனைக்குப் போய், காசில்லாமல் பழுது நீக்கிக்கொண்டு, விளக்கு அணைந்து வீடு திரும்பும்.

அந்த ஒரு வார்த்தைதான் செங்கோட்டுவேலின் தொண்டையில் சிக்கிக்கொண்டது. காரணம் அவருடைய வாயேதான்.

அவர் கோழிப்பண்ணைக்காரர். மகள் இளவேனிலின் கல்யாணத்துக்கு முன்புதான் இந்த 'மருதம்' செடானைப் பழைய வண்டிச் சந்தையில் பேரம் பேசி வாங்கினார். பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை, குடும்பத்துக்கு ஏற்ற நடுத்தர வண்டி. தெருவில் யாராவது நாயை 'வா' என்று கூப்பிட்டால் பின்கதவு தானே திறந்துகொள்ளும். மழை பெய்தால் வைப்பர் உட்பக்கமாகத் துடைக்கப் பார்க்கும். இதெல்லாம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஊரெல்லாம் மாணிக்கத்தை வாங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் சித்தப்பா நெற்றி மின்னும் காரில் வந்து இறங்கியபோது, நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு, "என்னங்க, மின்மினிப் பூச்சிய வெலைக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். பாவம், அந்த மனிதர் சாப்பிடாமலே போய்விட்டார்.

அந்த வாரமே மருதத்துக்கு மீளழைப்பு வந்தது. இறக்கத்தில் சூடேறினால் பிரேக் தன் வேலையை மறந்துவிடக்கூடும் என்பது செய்தி. மின்னிக்கொண்டே சேலம் வரைக்கும் போனால் வழியில் எத்தனை சொந்தக்காரர் கண்ணில் படும்! மானம் கப்பலேறிவிடாதா? அன்றுதான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். விளக்கை அணைத்தால் அபராதம் என்று சட்டம் சொன்னது. காருக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று எழுத எந்த அதிகாரிக்குத் தைரியம் வரும்?

கொஞ்ச நாளில் ஊரில் பக்தி பெருகியதை அவர் கவனித்தார். எதிர்வீட்டுக் காருக்குப் பொட்டு, வங்கி மேலாளர் காருக்குப் பொட்டு, டாக்டர் காருக்குப் பட்டையாகத் திருநீறு. எல்லாரும் சாமிக்காக வைக்கும்போது நாம் மட்டும் சாமியைச் சாக்காக வைத்து ஏமாற்றுகிறோமே என்று அவருக்குக் கூசியது. கூச்சம் கூடக் கூடப் பொட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

இளவேனிலைக் கட்டிக்கொடுத்தது கொல்லிமலையில், மிளகுத் தோட்டக்காரர் அத்தியப்பன் வீட்டில். ஏழாம் மாதம் அங்கேயே வளைகாப்பு நடந்தது. மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர செங்கோட்டுவேலும் மனைவி பூங்கோதையும் மருதத்தில் போனார்கள். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. முற்றத்தில் உறவினர் கார்கள் வரிசையாக, நெற்றி நிறையச் சந்தனத்தோடு நின்றன. பூங்கோதை, "மலைக்காரங்களுக்கு நம்மளவிடப் பக்தி சாஸ்திங்க," என்றாள்.

மதியச் சாப்பாடு முடிந்து, கை நிறைய வளையலோடு இளவேனில் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். கீழே எழுபது கொண்டை ஊசி வளைவுகள் காத்திருந்தன. கார் அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி பேசியது.

"ஐயா, இறக்கம் வருகிறது. உள்ளே கர்ப்பிணி இருக்கிறார். பிரேக் பற்றி அவர்களிடம் சொல்லிவிடட்டுமா?"

வாசலில் சம்பந்தி வீட்டார் மொத்தப் பேரும் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். மெதுவாகப் போ, ஒன்றும் ஆகாது என்று முணுமுணுத்தார்.

தெருச் சரிவு முடிந்து முதல் வளைவில் கார் சரியாகத்தான் திரும்பியது. இரண்டாவதில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய்த் தடுப்புச் சுவரில் விலாவை உரசி, இரண்டு கற்களைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு நின்றது. இளவேனில் கத்தவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு செங்கோட்டுவேலால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கி அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"பிரேக்குல கோளாறு, சாமி. உன் கலியாணம் முடிஞ்ச வாரத்துலயே தெரியும். விளக்க மறைக்கத்தான் பொட்டு வெச்சேன்."

இளவேனில் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஊருக்குச் சொல்லாட்டிப் போகுது. எனக்குமாங்கப்பா?" என்றாள்.

சத்தம் கேட்டு மேலேயிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். இளவேனிலைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையில்லாததால் காரும் பின்னால் ஊர்ந்து வந்தது. முற்றத்தில் அத்தனை பேர் நடுவில் செங்கோட்டுவேல் தோள்துண்டை எடுத்து அதன் நெற்றியைத் துடைத்தார். மஞ்சள் விளக்கு பளிச்சென்று மின்னியது. தான் கேலி செய்த சித்தப்பாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார். நிலம் பிளந்து விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது செங்கோட்டுவேலுக்கு. எதற்கும் தயாராகத் தலையைக் குனிந்து நின்றார்.

யாரும் திட்டவில்லை. அத்தியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் காரிடம் போய், வேட்டி நுனியால் பொட்டைத் துடைத்தார். அங்கேயும் மஞ்சள். அடுத்து மாப்பிள்ளையின் மாமா துடைத்தார், அவர் தம்பி துடைத்தார், வளைகாப்புக்கு வந்திருந்த கோயில் பூசாரி கூடத் துடைத்தார். முற்றம் முழுக்க சீரியல் செட் போட்டது போல் மின்னியது. யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெடிக்க, அவ்வளவுதான், கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மண்டபத்தில் செங்கோட்டுவேல் அடித்த அந்த ஒரு கிண்டலுக்குப் பயந்துதான் இத்தனை நெற்றியிலும் சந்தனம் ஏறியது என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதுக்குப் போயி வருத்தப்படறீங்களே சம்பந்தி. நம்ம வண்டியில கொண்டு போய் உடறேன், ஏறுங்க," என்றார் அத்தியப்பன். உங்கள் வண்டியில் என்ன கோளாறு என்று செங்கோட்டுவேல் கேட்டார். அதே பிரேக்தான் என்று பதில் வந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

செங்கோட்டுவேல் மகளை அங்கேயே விட்டுவிட்டார். பிரசவமும் மலையிலேயே ஆகட்டும் என்று சொல்லி, கணவன் மனைவி இருவரும் பஸ்ஸில் மலையிறங்கினார்கள். மருதத்திடம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். நடக்கிற வேகத்தில், பட்டப்பகலில், மின்னிக்கொண்டே அது சேலத்துக்குப் போயிற்று. பிரேக், கதவு, வைப்பர் எல்லாம் சரியாகி, சுத்தமான நெற்றியோடு திரும்பி வந்தது.

ஆனால் முற்றத்துக் கதை அதற்குள் ஊர் ஊராகப் பரவிவிட்டது. எல்லாருக்கும் உள்ளதுதானே என்று தெரிந்ததும் ஒருவருக்கும் வெட்கமில்லாமல் போயிற்று. வெட்கம் இருந்தவரை ஒன்றிரண்டு பேராவது யாருக்கும் தெரியாமல் வண்டியைப் பணிமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதுவும் நின்றது. சந்தன வியாபாரம் படுத்தது. தெருவெல்லாம் மஞ்சளாக மின்னியது. எனக்கு இரண்டு மீளழைப்பு, உனக்கு எத்தனை என்று டீக்கடையில் பெருமை பேசினார்கள்.

இளவேனிலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயையும் சேயையும் அழைத்து வர செங்கோட்டுவேல் மறுபடி மலையேறினார். இந்த முறை தலை நிமிர்ந்து போனார். அத்தியப்பன் மருதத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"விளக்கு எங்கீங்க?"

எல்லாம் சரி பண்ணியாயிற்று என்று செங்கோட்டுவேல் மகிழ்ச்சியோடு சொன்னார். அத்தியப்பன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஊருல அத்தன வண்டியிலயும் எரியுது. உங்களுதுல மட்டும் எரியல. ஒருக்கா மறச்சவரு நீங்க. இந்தவாட்டி என்னத்த மறைக்கறீங்க?"

தனக்கு இப்போது எந்தக் குறையும் இல்லை என்று மருதமே வாய் திறந்து சாட்சி சொன்னது. வண்டிக்கும் பொய் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டார் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இளவேனில் தன் அப்பாவை நம்பப் பார்த்தாள். நம்பத்தான் முடியவில்லை. குழந்தையோடு மாமனார் வண்டியை நோக்கி நடந்தாள். அந்த வண்டியின் நெற்றி வஞ்சகமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

செங்கோட்டுவேல் மருதத்திடம் ஓடினார். ஒரே ஒரு முறை மின்னு என்று மருதத்தைக் கெஞ்சினார். இல்லாத குறைக்கு விளக்கெரிய அனுமதியில்லை என்றது அது. ஒரு நிமிடம் பொறுங்கள் என்று எல்லாரையும் கும்பிட்டுவிட்டு, முக்குக் கடைக்கு ஓடினார். புது வண்டி வாங்கியவர்கள் ஒட்டிக்கொள்வதற்கென்றே மஞ்சள் விளக்கு அங்கே கொத்தாகத் தொங்கியது. ஒன்றை வாங்கி வந்து, திரும்பி நின்று ஒட்டினார். பேத்தியின் உயிருக்காகத்தான் ஒட்டுகிறோம் என்று மனசு ஆயிரம் சமாதானம் சொன்னாலும், முதல் நாள் சந்தனம் வைத்தபோது கூட இவ்வளவு கேவலமாக உணரவில்லை. திரும்பியபோது இளவேனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையிலேயே கோளாறு உள்ள வண்டிக்கு விளக்கை ஒட்ட வேண்டியதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. குழந்தையோடு வந்து மருதத்தில் ஏறிக்கொண்டாள்.

"பாருங்க, இப்பத்தான் எனக்கு நம்பிக்க வருது," என்றார் அத்தியப்பன். அடிவாரம் வரைக்கும் வந்து வழியனுப்புவதாகச் சொல்லிவிட்டுத் தன் வீட்டாரையெல்லாம் தன் காரில் ஏறச் சொன்னார். வேண்டாம், உங்கள் பிரேக் ஆபத்து, இறக்கத்தில் வராதீர்கள் என்று செங்கோட்டுவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அட, எல்லாரும் இப்படித்தானுங்க போறாங்க," என்று அத்தியப்பன் சிரித்தார்.

மருதம் ஒவ்வொரு வளைவிலும் சொன்ன இடத்தில் நின்று திரும்பியது. மேலே, அத்தியப்பனின் கார் குடும்பம் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு, மின்னியபடியே முதல் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது.