மந்திரி வயிற்றில் விசில்

பூனை விசிலடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் படியேறி வந்தபோது இன்பராஜ் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

ஆம்பூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு வருகிறவர்களிடம் பொதுவாக ஒரே கேள்விதான் இருக்கும்: மாப்பிள்ளை குடிப்பானா? வஜீதா மேடம் பல வருடமாகக் கல்யாண விசாரணை செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவருக்கு நன்றி சொன்னார்கள். மீதிப் பேருக்கு அவரால் கல்யாணம் நின்றுபோயிருந்தது. இன்பராஜ் அவரிடம் உதவியாளனாகச் சேரும் முன் ஒரு ஷூ கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்தவன். அங்கே தூக்கம் வரவில்லை என்று விட்டுவிட்டான். இங்கே தூக்கம் வந்தது. கொலை வழக்குதான் வரவில்லை.

வந்தவள் பெயர் அமிர்தவள்ளி. நாற்பது வயதிருக்கும். ஆள்காட்டி விரலில் நூல் இழுத்து இழுத்து விழுந்த கோடுகள். ஷூவின் மேல்பாகத்தை, இந்த ஊர்க்காரர்கள் அப்பர் என்பார்களே, அதை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கிறவள் என்று இன்பராஜுக்கே தெரிந்தது. அவள் மேஜைமேல் வைத்த காய்கறிக் கூடைக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறக் கிழட்டுப் பூனை வஜீதாவையும் அவனையும் அலட்சியமாகப் பார்த்தது.

"பேரு மந்திரி," என்றாள். "குடுத்தாலும் துன்னும், குடுக்காட்டியும் துன்னும். நூலு, ரப்பர் பேண்டு, ஸ்பாஞ்சு. போன மாசம் பக்கத்து வீட்டு சகீனாவோட பர்தா பட்டன். எல்லாம் ரெண்டு நாள்ல பின்பக்கமா வந்துரும். இந்த தபாதான் பேஜாராப் போச்சு."

"இந்தத் தடவை எதைத் தின்னுச்சு?" என்றார் வஜீதா.

"எங்க மாமாவோட காது மிஷினு."

மாமனார் மார்க்கபந்து தோல் பதனிடும் ஷாப்பில், இரைந்து ஓடுகிற டிரம்முக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்று காதைக் கெடுத்துக்கொண்டவர். மகன் வேலு, போன பொங்கலுக்குச் சீட்டுப் பணம் எடுத்து அவருக்கு நல்ல கருவியாக வாங்கிக் கொடுத்தான். மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து நாளைக்கு முன் பெரியவர் அதைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தால் கருவி இல்லை. மந்திரி ஜன்னலில் உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"நக்கினதை யார் பார்த்தது?" என்று கேட்டார் வஜீதா.

"மாமாதான்."

"விசில்?"

"அந்த மிஷினு முன்னயே அப்பப்ப கீ...னு கத்தும் மேடம். அது காணாமப் போன அன்னிக்கு சாயங்காலமே பூனைகிட்டேர்ந்து அதே சத்தம். நான் கேட்டேன், எங்க வீட்டுக்காரரு கேட்டாரு, சகீனாவும் கேட்டா. அப்பறம் வேலூருக்குத் தூக்கிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்தோம்."

செல்போனில் படத்தைக் காட்டினாள். பூனையின் எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு சின்ன வட்டம். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி.

"ஏதோ இரும்பு சாமான்னாரு டாக்டரு. காது மிஷினுன்னா உள்ள பேட்டரி இருக்கும், அது வயித்த அரிச்சுரும், அறுத்துத்தான் எடுக்கணும்னாரு. ஆனா வயசான பூனை, மயக்க ஊசி போட்டா எழுந்துக்குமான்றது சந்தேகம்னும் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு அறுத்துருன்றாரு. புது மிஷினு தவணையில வாங்கலாம்னு சொன்னா எரிஞ்சு விழறாரு. இன்னிக்கு சாயங்காலம் ஆட்டோ வருது." அவள் கூடையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இது துன்னலன்னு நீங்க சொல்லணும் மேடம். பன்னண்டு வருசமா என்கூட இருக்குது."

இன்பராஜுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் உண்மை உண்மைதானே. "மேடம், கேஸ் முடிஞ்சுது," என்றான். "சாட்சி இருக்கு, சத்தம் இருக்கு, படத்துல பேட்டரியே இருக்கு. குற்றவாளி கூடைக்குள்ள இருக்காரு."

வஜீதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நீ கம்பெனியில இன்னா வேலை பாத்த இன்பராஜ்?"

"ஐலெட் மெஷின், மேடம். லேஸ் கோக்கற ஓட்டையில பித்தளை வளையம் அடிக்கறது."

"ம்," என்றார் அவர். அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு அமிர்தவள்ளியிடம் திரும்பினார். "வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட விசில் வரலியே?"

"எப்பவும் வராது மேடம். மூடு வந்தாத்தான். மாமா மடியில படுத்துகினு இருக்கும், தோள்ல ஏறி அவர் மூஞ்சில மூஞ்சிய உரசும். அப்ப அடிக்கும். சந்தோசத்துல அடிக்குது போல."

"வேலூர் போறப்ப?"

"இல்ல."

"டாக்டர்கிட்ட?"

"அங்க பயந்துகினு இருந்துச்சு மேடம். பயத்துல யாரு விசிலடிப்பா?"

வஜீதா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். "வீட்டைப் பாக்கலாம்."

வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இரண்டு அறை. தரை முழுக்க அப்பர்கள், நூல் கண்டுகள், திறந்து கிடந்த ஐலெட் பொட்டலம். சகீனா சுவரில் சாய்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் மார்க்கபந்து. வலது காதில் பஞ்சு. பார்வை எதிர்ச் சுவரில். ஒரு கால் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"வாங்க ஆபா," என்று வஜீதாவை அக்கா முறை வைத்து வரவேற்றாள் சகீனா. "தாராளமாப் பேசுங்க. கெய்வனுக்கு ஒண்ணும் கேக்காது. மிஷினு இருந்தப்ப ஒரு வார்த்த பேசணும்னா மொட்டை மாடிக்குத்தான் போவணும். வெயில்ல மண்டை காஞ்சிரும். இப்ப பத்து நாளாத்தான் நிம்மதி. மூணாவது வீட்டு மருமவ கதைதான் சொல்லிகினு இருந்தேன். அவ தாய் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஏலகிரிக்குப் போயிருக்கா. யார்கூடன்னு நெனைக்கிறீங்க..."

அவள் குரலைத் தாழ்த்தினாள். கட்டிலில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"அதை அப்புறம் கேக்கறேன்," என்றார் வஜீதா. கால் மறுபடி ஆடத் தொடங்கியது, கொஞ்சம் எரிச்சலோடு.

"காதுல இன்னா பஞ்சு?"

"குளுரு காத்து போவக் கூடாதாம்," என்றாள் அமிர்தவள்ளி. "சித்திர மாசத்துல."

இன்பராஜ் தன் பங்குக்கு அறையைச் சோதித்தான். ஜன்னலை அளந்தான். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தான். தலைமாட்டில் தினசரி காலண்டர் தொங்கியது. அன்றைய தாளில், தேதிக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர். ஆப்பிளில் ஒட்டியிருப்பது போலிருந்தது. அதைவிடச் சின்னது.

"காலண்டர் தாளை யார் கிழிப்பாங்க?" என்று கேட்டார் வஜீதா.

"மாமாதான், காலையில எழுந்ததும். அந்த வேலைய வேற யாரும் செய்யக் கூடாது."

அப்போது வேலு உள்ளே வந்தான். கம்பெனிச் சட்டை, தோளில் டிபன் பை. சோல் ஒட்டும் பிரிவில் வேலை, இன்று அரை நாள் லீவு என்றான். சோல் ஒட்டுகிறவர்களை இன்பராஜுக்கு மூக்காலேயே தெரியும். குளித்தாலும் சொல்யூஷன் வாடை போகாது, நகத்தடியில் பசை காய்ந்து கிடக்கும். வேலுவின் நகங்கள் பள்ளிக்கூட வாத்தியார் நகங்கள் மாதிரி இருந்தன. நல்ல சோப்பு போடுகிறான் என்று இன்பராஜ் நினைத்துக்கொண்டான். எந்த சோப்பு என்று கேட்கலாமா என்றுகூட யோசித்தான்.

"யாரு இவங்க? துப்பறியறவங்களா? பூனைக்கா?" என்றான் வேலு. "அமிர்தம், உனக்குப் பைத்தியமா? கூடையக் குடு. ஆட்டோ வந்துரும்."

"ஒரு நிமிஷம் தம்பி," என்றார் வஜீதா. கூடையை வாங்கிக் கட்டிலிலிருந்து தள்ளி, வாசல்படியில் வைத்தார். பெரியவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "பூனை வயித்துல விசில் வருதான்னு நான் தனியாக் கேக்கணும். எல்லாரும் உள்ளங்கையால காதை நல்லாப் பொத்திக்கங்க."

அமிர்தவள்ளி பொத்தினாள். சகீனா ஊசியோடு பொத்திக்கொண்டாள். வேலு முணுமுணுத்தபடி பொத்தினான். எல்லோரும் பொத்தும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாயிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, மார்க்கபந்துவும் பொத்தினார்.

கீ...

மெல்லிய, நீளமான விசில். காதை முழுதாகப் பொத்தியிருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. இன்பராஜுக்குக் கேட்டது. ஆர்வத்தில் அவன் ஒரு காதைத்தான் பொத்தியிருந்தான்.

"அடிச்சுது மேடம்! பூனை அடிச்சுது!"

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

இன்பராஜ் வாசலைக் காட்டக் கையைத் தூக்கினான். கை பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பிக் கட்டிலைக் காட்டியது.

வஜீதா எல்லோரையும் கையை எடுக்கச் சொன்னார். பிறகு கட்டிலருகே போய், "பெரியவரே, மறுபடியும் ஒரு தடவை வலது காதைப் பொத்துங்க. இல்லன்னா பஞ்சை எடுங்க. உங்க இஷ்டம்," என்றார், அதே தாழ்ந்த குரலில்.

மார்க்கபந்து பஞ்சை எடுத்தார். உள்ளே, தோல் நிறத்தில், மொச்சைக்கொட்டை அளவில் அது உட்கார்ந்திருந்தது.

"யா அல்லா!" என்றாள் சகீனா.

வஜீதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காது மெஷின் கிட்ட எதையாவது கொண்டுபோனா கத்தும். கை, தலைகாணி, பூனை. இவர் காதுகிட்ட பூனை மூஞ்சிய உரசுனா மெஷின் கத்தும். பாக்கறவங்களுக்குப் பூனை கத்தற மாதிரி இருக்கும். மெஷின் நிஜமாவே வயித்துல இருந்திருந்தா வேலூர் போற வழியெல்லாம் கத்தியிருக்கணும். எங்க ஆபீஸ்ல கத்தியிருக்கணும். இது இவர் தோள்ல மட்டும்தான் கத்துது."

"அந்த பேட்டரி?" என்றான் வேலு.

"பேட்டரிக்கு நடுவுல ஓட்டை இருக்காது." அவர் தரையில் கிடந்த பொட்டலத்திலிருந்து ஓர் ஐலெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை வட்டம், நடுவில் துளை. "தினம் இதையே பாக்கறவங்க இங்க ரெண்டு பேர். வருசக்கணக்கா இதையே அடிச்சவன் ஒருத்தன் என்கூட இருக்கான். விசில் சத்தம் கேட்டதும் எல்லாருக்கும் கண்ணு போயிடுச்சு. படத்தை டாக்டருக்கு மறுபடி அனுப்பி, ஐலெட்டுன்னு சொல்லுங்க. அறுக்கணுமான்னு அவரே சொல்லட்டும்."

இன்பராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உண்மையான பேட்டரிக்கு சாட்சி காலண்டர்ல இருக்கு. புது பேட்டரி போடறப்ப அதுமேல இருக்கற மஞ்சள் ஸ்டிக்கரைப் பிரிப்பாங்க. அது இன்னிக்குத் தாள்ல ஒட்டியிருக்கு. நேத்து தாளைக் கிழிச்ச பிறகுதான் இங்க ஒட்ட முடியும். பத்து நாளா காணாமப் போன மெஷினுக்கு இன்னிக்குக் காலையில பேட்டரி மாத்தியிருக்காங்க."

அமிர்தவள்ளி வாசலுக்கு ஓடிக் கூடையைத் திறந்து பூனையை வாரி எடுத்துக்கொண்டாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "ஏன் மாமா? கத்தி வைக்கற வரைக்கும் வாயத் தொறக்காம உக்காந்துகினு இருந்தீங்களே!"

"மொதல்ல வெளையாட்டுக்குத்தான்," என்றார் மார்க்கபந்து. "மிஷினு வந்ததும் நீங்க ரெண்டு பேரும் மாடிக்குப் போயிட்டீங்க. நான் இன்னாத்தக் கேக்கறது? ஃபேன் சத்தத்தயா? தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன், மறுபடி கீழ வந்துட்டீங்க. ஜாலியா இருந்துச்சு. என்னை எருமைன்னு சொன்னத நான் மனசுல வெச்சுக்கல."

அமிர்தவள்ளி பூனையின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சகீனா தான் பத்து நாளாகச் சொன்னதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்பறம் சொல்லியிருக்கலாமே?" என்றாள் அமிர்தவள்ளி.

"அப்பறம் சொல்ல முடியாமப் போச்சு."

"ஏன்?"

கிழவர் மகனைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். "பஞ்சு வெச்சிருந்தேன். எல்லாம் சரியாக் கேக்கல."

"பூனை விஷயம் முடிஞ்சுது," என்று வஜீதா எழுந்தார். "நாங்க கெளம்பறோம்."

"மேடம், இன்னும் ஒரு முடிச்சு பாக்கி..." என்று தொடங்கிய இன்பராஜின் காலை அவர் நன்றாக மிதித்தார்.

வேலு நகரவில்லை. "அப்பா," என்றான். "போன வாரம் நான் இங்க நின்னு போன்ல பேசனதக் கேட்டியா?"

"கேட்டேன்."

"ஏன் கேக்கல என்னை?"

"கேட்டா எனக்குக் காது கேக்குதுன்னு தெரிஞ்சுருமே. நீ எனக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சு அழுத. தெரியாத மாதிரியே இருந்துட்டேன். பூனை வரைக்கும் வரும்னு எனக்கு இன்னா தெரியும்? இன்னிக்கு ஆட்டோல ஏத்தறப்ப சொல்லலாம்னு இருந்தேன்." அதை அவரே முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

வேலு மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னான். "கம்பெனியில எங்க லைன மூடிட்டாங்க அமிர்தம். வேலை போயி மூணு வாரமாச்சு."

"அப்ப தெனம் டிபன் எடுத்துகினு எங்க போன?"

"ஸ்டேஷன். ரெண்டாவது பிளாட்பாரம்."

அப்போதுதான் இன்பராஜுக்கு அந்த நகங்கள் புரிந்தன. எந்த சோப்பு என்று கேட்காமல் விட்டதற்காக இயேசுவுக்கு நன்றி சொன்னான்.

அமிர்தவள்ளி பூனையைத் தரையில் விட்டாள். "புது மிஷினு வாங்க முடியாதுன்னு எங்கிட்ட சொல்ல வாய் வரல. என் பூனைய அறுக்க மட்டும் ஆட்டோ சொல்ல வாய் வந்துச்சா?"

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது.

"ஆட்டோவ அனுப்பிடுங்கண்ணா," என்றாள் இன்பராஜிடம். பிறகு குவியலிலிருந்து ஓர் அப்பரை எடுத்துக் கணவன் கையில் திணித்தாள். "உக்காரு. சகீனா, இவருக்கு ஒரு ஊசி குடு. நாளைக்கு ஏஜெண்டு வர்றதுக்குள்ள இந்த மூட்டை முடியணும்."

"எனக்குத் தைக்கத் தெரியாதே அமிர்தம்."

"தெரியாதுன்னு வாயத் தொறந்து சொன்னியே, அதுவே பெருசு. உக்காரு."

வேலு தரையில் உட்கார்ந்தான். சகீனா ஊசியை நீட்டினாள்.