டிரைவர் ஒருத்தன்தான் குறை

டயரில் நகம் பதிந்தது.

வெர்ன் ஹக்கபி இன்னொரு முறை குனிந்து கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். விரலை எடுத்ததும் பிறைபோல ஒரு தடம் தெரிந்து, மெல்ல மேலெழும்பி மறைந்தது. அறுபது வருடத்து ரப்பர் இப்படி இருக்காது. அவருடைய குதிகாலைப்போல இறுகிப் பாளம் பாளமாக வெடித்திருக்க வேண்டும். ஆனால் பக்கவாட்டில் இருந்த எழுத்தும் எண்ணும் அந்தக் காலத்து அச்சு. அந்த அச்சை உருக்கியே நாற்பது வருடம் இருக்கும்.

“என்ன பாக்குறீங்க?” என்று பின்னாலிருந்து கேட்டார் வண்டியின் சொந்தக்காரர் ஆர்லன் டீட்ஸ்.

“குனிஞ்சவன் நிமிர முடியுமான்னு பாக்குறேன்.”

டீட்ஸ் சிரிக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே பேக்கர்ஸ்ஃபீல்டின் டிசம்பர் மூடுபனி நின்றது. நடுப்பகல்தான். ஆனாலும் வாதுமைத் தோப்பின் முதல் வரிசை மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதற்கப்பால் உலகம் இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

வெர்னின் தொழில் எளிமையானது. பழைய டிராக் ரேஸ் வண்டியை யாராவது மீட்டெடுத்து “அதே வண்டிதான்” என்று சொன்னால், அவர் காந்தம், டார்ச், ஒரு அரை டாலர் காசு இவற்றோடு போவார். அதில் எவ்வளவு ‘அதே’, எவ்வளவு போன வருடம் செய்தது என்று சொல்வார். அதைப் பொறுத்துத்தான் விலை. கால் மைல் தூரத்தை ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் கடப்பதற்கென்றே கட்டிய வண்டிகள் அவை. யாரும் அவற்றைப் பத்திரப்படுத்தியதில்லை. ஒரு பருவம் ஓடியதும் அறுப்பார்கள், முன்பாதியை ஒருவனுக்கும் இஞ்சினை இன்னொருவனுக்கும் விற்பார்கள். ஆகவே முழுசாக ‘அதே’ என்று எதுவும் கிடையாது. வெர்ன் பொய்யைக் கண்டுபிடிப்பார். சொந்தக்காரன் முகம் தொங்கிவிடக் கூடாதே என்று கடைசியில் தன் ஒரே நகைச்சுவையையும் சொல்வார்: “எல்லாம் இருக்கு. டிரைவர் ஒருத்தன்தான் குறை.” கலிஃபோர்னியாவில் இது அவ்வளவு பழசாகிவிட்டது, சிலர் அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

இன்றைக்கு அவர் விலை சொல்ல வரவில்லை. இந்த வண்டியை ஒருகாலத்தில் ஓட்டிய ராய்ஸின் மனைவி நோலாவுக்காக வந்திருந்தார்.

வியாழக்கிழமைதோறும் நோலா ப்ரூயட்டும் அவரும் ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பாஸ்க்காரர்களின் உணவு விடுதியில் சாப்பிடுவார்கள். போன வாரம் காடியில் ஊறப்போட்ட மாட்டு நாக்கை அவள் தொடவேயில்லை.

“மார்ச் மாசம் ஊரே பாக்க அதை ஓட்டப் போறானாம் அந்த டீட்ஸ். பக்கத்துல ராய்ஸ் பேரு எழுதியிருக்காம். எனக்கு அழைப்பு வேற. நீ போய் அது ராய்ஸ் வண்டி இல்லேன்னு சொல்லிட்டு வா, கிழவா. ஒரு திருகாணி போலியா இருந்தாக்கூடப் போதும், அவன் பேரை அழிக்க வச்சிருவேன்.”

“திருகாணி என்ன, பாதி வண்டியே போலியாத்தான் இருக்கும் நோலா. அது ரெண்டாப் போனதைக் கண்ணால பாத்தவன் நான்.”

“நான் பாக்கல. கண்ணை மூடிக்கிட்டேன்.” அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். “கடைசியா அவன்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கோன்னு. புருஷன்கிட்டச் சொல்ற கடைசி வார்த்தையா அது?”

“நல்ல புத்திமதிதானே.”

“அவன் எனக்கு ஒரு பேரு வச்சிருந்தான். கேட்டா நீ சிரிச்சே செத்துருவே.”

“என்ன பேரு?”

“சொல்ல மாட்டேன். அது அவன்கூடவே போச்சு.”

வெர்ன் ஒரு துண்டு நாக்கை வாயில் போட்டுக்கொண்டார். ஐம்பது வருடமாக இரண்டாவதாகவே வந்துகொண்டிருக்கும் பந்தயக்காரர் அவர். அதிலும் எதிராளி செத்துப்போனவன்.

இப்போது அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அரை டாலர் காசை எடுத்தார். அவருடைய வழி இதுதான்: சட்டகத்தின் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுப்பார். அந்தக் காலத்துக் குழாய் கோயில் மணியின் கடைசி இழைபோல நீண்டு ஒலிக்கும். புதுசு ‘டொக்’கென்று நின்றுவிடும். நம்பாதவர்களுக்குத் தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டுவார். இன்றும் தட்டினார். டொக்.

“இது ஆஸ்பத்திரியில மாட்டுனது. ஒரிஜினல் இல்ல.”

“தெரியுது,” என்றார் டீட்ஸ்.

முன்சக்கரத்தருகே தொடங்கினார். மணி. அடுத்த குழாய். மணி. இஞ்சினைத் தாங்கும் குழாய்கள், மணி, மணி. ஒவ்வொரு ஒலியும் கொட்டகையின் தகரக் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. வரும்போது கொஞ்சம் தாமதமாக வந்ததாக அவருக்குத் தோன்றியது. கொட்டகை அவ்வளவு பெரிதில்லை. பந்தய எரிபொருளின் நெடி, பழைய வண்டிகளில் ஒருபோதும் மிஞ்சாத அந்த நெடி, மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது.

ஓட்டுபவனின் முழங்காலுக்குச் சற்று முன்னால் இருந்த இடத்தை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அறுபத்தாறில் கிளட்ச் வெடித்து வண்டியை அங்கேதான் இரண்டாக அறுத்தது. பதினைந்து வயது வெர்ன் வேலியோரம் கையில் ஹாட் டாக் ரொட்டியோடு நின்றிருந்தான். கீழே விழுந்தது எதெது என்று புரிய அவனுக்கு நேரம் பிடித்தது. இங்கே ஒட்டு இருந்தே ஆக வேண்டும். பற்றவைத்த தழும்பு, ராவிய தடம், ஏதாவது ஒன்று. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, நகத்தால் வருடினார்.

வழவழப்பு.

தட்டினார். மணி. எல்லாவற்றையும்விட நீளமான மணி.

“ஒட்டு எங்க?”

“ஒட்டல.”

“அப்போ புதுக் குழாய்.”

“நீங்கதானே தட்டிப் பாத்தீங்க.”

“இதெல்லாம் எங்க தேடிப் பிடிச்சீங்க?”

“தேடல. வந்துச்சு.” டீட்ஸ் வெளியே வெள்ளையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மூடுபனி நாள்ல மட்டும். மொதல்ல ஒரு சக்கரம், வாய்க்கால் ஓரமா. அடுத்த வருஷம் இஞ்சின், தோப்புக்குள்ள, ஈரமா. நான் தொடச்சு வச்சேன், அவ்வளவுதான். ஒண்ணையும் மாத்தல.”

வெர்னின் விரலிடுக்கிலிருந்து அரை டாலர் நழுவித் தரையில் விழுந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் அவர் வாய் அவரைக் கேட்பதில்லை. அது பழகிய பாதையில் தானாக ஓடிவிடும்.

“எல்லாம் இருக்கு. டிரைவர் ஒருத்தன்தான் குறை.”

“ஆமா,” என்றார் டீட்ஸ்.

அதற்குப் பிறகு கொட்டகையில் சத்தமே இல்லை. தோப்பில் கிளைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த ஈரமும் நின்றிருந்தது. மூடுபனி வாசலைத் தாண்டி உள்ளே வந்து அவருடைய செருப்பளவு உயரத்தில் பரவியது. போய்விடலாம். கோட்டை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விடலாம். ஆனால் வியாழக்கிழமை வரும். நோலா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள்.

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வண்டியைப் பற்றிப் பொய் சொல்ல முடிவு செய்தார்.

“இருக்கை போலி.”

“அப்படியா?”

“ராய்ஸ் பந்தயக் குதிரை ஓட்டுறவன் மாதிரி சின்ன ஆளு. அவன் இடுப்பைச் சுத்தி வளைச்ச தகடு அது. இது அகலம். இதுல நானே உக்காருவேன்.”

“உக்காந்து காட்டுங்க.”

இன்னொருவன் இருக்கையில் உட்காரக் கூடாது என்பது இந்தக் கூட்டத்தின் பழைய விதி. செத்தவன் இருக்கை என்றால் கையைக்கூட ஊன்ற மாட்டார்கள். நாற்பது வருடத்தில் வெர்ன் அதை மீறியதில்லை. மீறும்படியான இடுப்பும் அவருக்கு இருந்ததில்லை. இப்போதும் தொப்பை சிக்கும், டீட்ஸ் அவரைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, நோலாவிடம் சொல்லிச் சிரிக்கலாம். கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கி உள்ளே போட்டார். தகட்டின் விளிம்பு இடுப்பில் பட்டது, குளிர்ந்தது, வழிவிட்டது.

சறுக்கிக்கொண்டு அடிவரை போய்விட்டார்.

இரண்டு கால்களுக்கும் நடுவே பின் அச்சின் இரும்புக் கூடு. பாதங்கள் கிளட்ச், பிரேக் மிதிகளைத் தேடவில்லை. மிதிகள் அங்கேயே இருந்தன. முதுகுக்கு முதுகு, தோளுக்குத் தோள், தகடு அவரை அளவெடுத்ததுபோல மூடிக்கொண்டது.

“அகலமா இருக்கா?” டீட்ஸ் குனிந்து கேட்டார்.

வெர்ன் தொப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். கையை வைத்துப் பார்த்தார். தட்டையாக இருந்தது.

முழங்கால் வலிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக மழைக்கும் பனிக்கும் வலிக்கும் முழங்கால்.

எழுந்திரு.

கைகள் எழவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. அதன் மேல் முதுமைப் புள்ளிகள் இல்லாத, நரம்பு புடைக்காத, யாருடையவோ கைகள். இதில் கேவலம், நெஞ்சுக்குள் ஏதோ ஒரு மூலையில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு முதலிடம்.

பின்னால் ஒரு லாரி முனகிக் கிளம்பியது. இந்த வண்டிகளுக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. பின்னாலிருந்து தள்ள வேண்டும். டீட்ஸ் முன்னால் நின்றார். அப்படியானால் லாரியில் யார்.

தலை திரும்பவில்லை.

இரும்பில் இரும்பு வந்து மெதுவாக முட்டியது.

ஆணியில் தொங்கிய கோட்டுக்குள் போன் அடித்தது. டீட்ஸ் நிதானமாகப் போய் எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தி, அவர் முகத்தருகே பிடித்தார்.

“வெர்ன்? கண்டுபிடிச்சியா? எது போலி?” நோலாவின் குரல்.

நான்தான். இந்த வண்டியில் நான் ஒருத்தன்தான் போலி. நோலா, வராதே. இவ்வளவையும் சொல்ல வாயைத் திறந்தார்.

“குட்டி வாத்து,” என்றது வாய்.

நோலா சொல்ல மறுத்த பேர், ஒரு இளைஞனின் குரலில்.

போனில் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. அதன் பிறகு அவள் பேசினாள், மிக மெதுவாக, அவர் ஐம்பது வருடமாகக் காத்திருந்த, அவரிடம் ஒருமுறைகூடப் பேசியிராத குரலில்.

“பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கோ, ராய்ஸ்.”

கைகள் பெல்ட்டை எடுத்தன. இறுக்கின.

டீட்ஸ் கீழே கிடந்த அரை டாலரைப் பொறுக்கி, வண்டிக்குள் கையை நீட்டி, வலது முழங்காலைத் தட்டினார்.

மணி ஒலித்தது. சுத்தமாக, நீளமாக, நிற்காமல். லாரி தள்ள, வண்டியின் மூக்கு வெள்ளைக்குள் நுழைந்தது. அப்போதும் ஒலித்துக்கொண்டேயிருந்தது.